கன்னத்துப் பச்சை

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நானும் வீட்டில் அவளும் சௌக்கியம். உன் சுகத்துக்கும் அத்தான் சுகத்துக்கும் பதில் போடு. போன மாதம் நான் வந்திருந்தபோது வீங்கியிருந்த பல் இப்போது எப்படி இருக்கிறது? பல் வைத்தியர் வீட்டுக்காரிக்கே பல்வலி என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அத்தானிடம் சொல்லி அதைப் பிடுங்கி எறி. சொந்தக்காரிதானே என்று மருந்தைத் தடவி அனுப்பிவிடப் போகிறார்.

சேதி இதுதான். ஓவியர் சங்கம் போடுகிற புத்தகம் எங்கள் அச்சகத்துக்கு வந்திருக்கிறது. நாற்பது ஓவியர்கள், ஆளுக்கு ஒரு படம், அவரவர் முகத்தை அவரவரே தீட்டியது. அத்தனை முகமும் என் மேஜைக்குத்தான் வரப்போகிறது. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று எத்தனை தடவை சொன்னாலும் நீ மறந்துவிடுவாய், மறுபடியும் சொல்கிறேன். சங்கத்துப் போட்டோக்காரர் ஓவியத்தைப் படம் பிடித்துச் சின்ன ஸ்லைடாக அனுப்புவார். அதிலிருந்து நாலு நிறத்துக்கு நாலு ஃபிலிம் எடுப்போம். அதில் தூசு, கீறல், கறை எது இருந்தாலும் விளக்கு மேஜையில் வைத்து, லென்ஸில் பார்த்து, தூரிகையால் நான் எடுத்துவிட வேண்டும். பதினாலு வருஷமாக இதே பிழைப்பு. புள்ளி என்றால்தான் இங்கே என்னைத் தெரியும். புள்ளியை எடுக்கிறவனுக்குப் புள்ளி என்றே பெயர்.

பட்டியலில் இருபத்தேழாவது ஆள் நீ. பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னேன். "அக்கா வரையுறாங்க, தம்பி அழிக்கிறான். நல்ல குடும்பம்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

ஸ்லைடு இன்னும் வரவில்லை. சீக்கிரம் அனுப்பு.

உன் அன்புத் தம்பி
புள்ளி

*

ஜனவரி 29

அன்புத் தம்பிக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாயிருக்க வேண்டும். பல் பரவாயில்லை.

ஸ்லைடு இதற்குள் வந்திருக்கும். அவர் பல் முகாமுக்கு வெளியூர் போன நாளில் போட்டோக்காரரை வரவழைத்து எடுத்து அனுப்பினேன். அவர் இன்னும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. பின்னறையில் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

என் மூஞ்சியை நானே வரைவேன் என்று நினைத்ததில்லை. நான் வரைவதெல்லாம் கால் ஒடிந்த நாற்காலி, கழுவிக் கவிழ்த்த பாத்திரம், பிடி போன வாளி. "உங்க படத்துல ஆளே இல்லையேம்மா" என்று சங்கத் தலைவர் எத்தனையோ தடவை சலித்துக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை கண்ணாடியை அலமாரி மேல் சாய்த்து வைத்து நாலு நாள் உட்கார்ந்தேன். நாலாம் நாள்தான் நிறம் சரியாக இருந்தது. இன்னும் காத்திருந்தால் மாறிவிடும் என்று அன்றைக்கே முடித்து, ஓரத்தில் தேதியும் போட்டுவிட்டேன். டிசம்பர் பதினாலு. இவ்வளவு கிட்டத்தில் என்னை நான் பார்த்ததே இல்லை. பொய்யில்லாத படம் என்று ஒன்று போட்டிருக்கிறேன் என்றால் அது இதுதான்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அக்கா படமாயிற்றே என்று எதையும் செய்துவைக்காதே. இருக்கிறபடி வரட்டும். தேதியும் தெளிவாக வரவேண்டும். மறந்துவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தோடு இரண்டு புத்தகம் அனுப்பியிருக்கிறேன். உள்ளே புரட்டாதே, முதலில் அட்டையைப் பார். நீதான்.

நடந்ததைச் சொல்கிறேன். மழைக்காலத்தில் எடுத்த ஸ்லைடுகள், சங்கத்தில் ஈர அலமாரியில் கிடந்திருக்கின்றன. மூன்று பேர் ஸ்லைடில் பூஞ்சை ஏறிவிட்டது. ஒரு கிழவருக்கு மூக்கில் பாதியைக் காணோம். உன்னுடையதிலும் இடது கண்ணுக்குக் கீழே ஆரம்பித்துத் தாடை வரைக்கும் பச்சையும் மஞ்சளுமாக ஒரு திட்டு. அடடா, அக்கா படத்திலேயா என்று இருந்தது. இருக்கிறபடி வரவேண்டும் என்று எழுதியிருந்தாயே, அதற்காகவே இரண்டு மத்தியானம் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் உட்கார்ந்தேன். உன் வலது கன்னத்தைப் பார்த்துப் பார்த்து இடது கன்னத்தைச் சரிபண்ணினேன். இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. மாதிரித் தாளைப் பார்த்துவிட்டு முதலாளி என் லென்ஸை வாங்கி அவரே ஒரு தடவை பார்த்தார். பிறகு "இதுதான்டா அட்டை" என்றார்.

கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கும். சங்கம் கேட்டுப் போட்டது. ஓவியர்கள் தங்களைத் தாங்களே தீட்டிய முகங்கள், அச்சில் எந்தத் திருத்தமும் செய்யப்படவில்லை என்று. அதன் கீழே சரிபார்த்தவன் என்று என் கையெழுத்து. பூஞ்சையைத் துடைப்பது திருத்தத்தில் சேராது, அதனால் நிம்மதியாகவே போட்டேன். அச்சுப் புத்தகத்தில் என் கையெழுத்து வருவது இதுதான் முதல் தடவை.

அத்தானிடம் காட்டு. சந்தோஷப்படுவார்.

உன் தம்பி
புள்ளி

*

ஏப்ரல் 4

அன்புத் தம்பிக்கு,

நலம். புத்தகம் வந்து மூன்று வாரமாகிறது. உடனே எழுத முடியவில்லை.

அது பூஞ்சையில்லை. அந்த இடத்தில் நான் பச்சை வைத்திருந்தேன். மேலே மஞ்சள், ஓரத்தில் கொஞ்சம் ஊதா. மூன்றும் நான் குழைத்து வைத்தவை.

பிழைதிருத்தம் என்று ஒரு சின்னச் சீட்டு அடித்துப் புத்தகத்துக்குள் வைப்பார்களே, அப்படி ஒன்று வைக்க முடியுமா? அட்டைப் படத்தில் இடது கன்னத்து நிறம் விட்டுப்போயிற்று என்று ஒரே ஒரு வரி போதும். சங்கத் தலைவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

காரணத்தைக் கேட்டு எழுதாதே. தபால்காரர் எங்கள் கடிதங்களைக் கிளினிக்கில்தான் கொடுக்கிறார். நீ எழுதுவதை முதலில் படிக்கிற ஆள் நான் இல்லை. சீட்டு வைக்கிறாயா இல்லையா, அதை மட்டும் எழுது.

உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

*

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீயும் அத்தானும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

பச்சையா? நன்றாக இருக்கிறது போ. கன்னத்தில் பச்சை விட்டுப்போயிற்று என்று உலகத்தில் எந்த அச்சகம் பிழைதிருத்தம் போட்டிருக்கிறது? முதலாளியிடம் லேசாகக் காதில் போட்டேன். "திருத்தமே இல்லைன்னு கையெழுத்துப் போட்டது நீ. இப்ப திருத்தம்னு சீட்டும் நீயே அடிக்கிறியா?" என்றார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

அதோடு இனிமேல் சீட்டை எங்கே என்று வைப்பது? ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் முழுப் பக்கத்துக்கு உன் முகம் வந்திருக்கிறது. கத்தரித்து அனுப்பியிருக்கிறேன், படி. நாற்பது முகங்களில் முப்பத்தொன்பது நம்மிடம் எதையோ கேட்கின்றன, இந்த ஒரு முகம் மட்டும் எதையும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். சாந்தத்தின் ஓவியர் என்று தலைப்பு. ஒரு மருந்துக் கம்பெனி ஜூலையில் கொடுக்கிற அரையாண்டுக் காலண்டருக்குக் கேட்டிருக்கிறது. பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் போடலாமா என்று இன்னொருவர் வந்துவிட்டுப் போனார். இத்தனை வருஷம் வாளியும் நாற்காலியும் வரைந்தாய், யாராவது திரும்பிப் பார்த்தார்களா? உனக்கு வந்த அதிர்ஷ்டத்தை நீயே காலால் எட்டி உதைக்காதே.

பச்சை ஏன் என்று நான் கேட்கவில்லை. ஓவியர்களிடம் அதெல்லாம் கேட்கக்கூடாது.

தம்பி
புள்ளி

*

மே 25

அன்பு மச்சானுக்கு,

அத்தானின் ஆசி. நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். உன் கடிதங்கள் எல்லாம் ஒழுங்காகக் கிடைத்தன. உன் அக்காவுக்குக் கை ஒழியவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

அவள் வரைவதை நான் இத்தனை நாள் பொழுதுபோக்கு என்று விட்டுவைத்திருந்தேன். இன்றைக்கு ஊரே அதைப் பேசுகிறது. அட்டைப் படத்தைச் சட்டம் போட்டுக் கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மாட்டியிருக்கிறேன். ஊசி என்றாலே எழுந்து ஓடுகிறவர்கள்கூட அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "டாக்டர் வீட்டம்மாவா? குடுத்து வச்சவங்க" என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸ் மேனேஜர் அசல் படத்தைத் தங்கள் கட்டடத்துக்கு வாங்க வந்தார். சுவர்ப் பக்கம் இருந்ததைத் திருப்பிக் காட்டினால், "இது அந்தப் படம் இல்லையே சார், கன்னத்துல ஏதோ கறை பட்டிருக்கே" என்கிறார். நானும் அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதன்படி சரிசெய்யச் சொன்னேன். முதலில் கொஞ்சம் பிடிவாதம். சின்ன வயதிலிருந்தே பிடிவாதக்காரியாமே, நீதான் ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். அப்புறம் உட்கார்ந்து செய்துவிட்டாள். இப்போது இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் கிடையாது. வழி காட்டியது உன் அச்சு, நன்றியும் உனக்குத்தான்.

அவளுக்கு மறுபடியும் பல் வீங்கியிருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் பதில் போடவில்லை என்று நீ மனசில் வைத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு
அத்தான்

*

ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

இந்தத் தடவை நலம் என்று எழுதவில்லை. மேலே இருக்கிற முகவரியைப் பார். அந்த வீட்டைவிட்டு வந்து பதினெட்டு நாளாகிறது. எனக்கு ரவிக்கை தைக்கிற அம்மாவின் வீட்டு மாடியில் இருக்கிறேன். இனிமேல் நீ எழுதுவதை நான்தான் படிப்பேன்.

என் பல்லில் ஒரு கோளாறும் இல்லை. எல்லாப் பல்லும் கல் மாதிரி இருக்கிறது. பதினோரு வருஷமாக அவர் அடிக்கிறார். அவர் என்றே எழுத வருகிறது பார், கைப்பழக்கம். டிசம்பர் பத்தாம் தேதி அடித்த அடி அந்தப் பச்சை. முதல் நாள் சிவப்பு, அப்புறம் ஊதா, நாலாம் நாள் பச்சை. வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், தேதி போட்டு வரைந்து வைத்தால் என்றைக்காவது உதவும் என்று வரைந்தேன். நாற்பது பேர் நடுவில் அது அச்சாகி வந்துவிட்டால் யாராலும் அதை மறைக்க முடியாது என்று நினைத்தேன்.

மே மாதம் அவர் என் பின்னால் நின்றார். கையில் புத்தகம். "இன்னும் கொஞ்சம் வெளுப்பா. அதுல எப்படி இருக்குன்னு பாத்துப் போடு" என்றார். நான் போட்டேன். என் கன்னத்து வீக்கம் அப்போதும் வடியவில்லை. அந்தக் கன்னத்தோடு உட்கார்ந்து படத்துக் கன்னத்தை நல்லதாக்கினேன். அசல் இப்போது இன்சூரன்ஸ் ஆபீசில் தொங்குகிறது. அதில் பச்சை இல்லை.

போலீசுக்குப் போனேன். அங்கே இன்ஸ்பெக்டர் தலைக்கு மேலே மருந்துக் கம்பெனிக் காலண்டர். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்கதானே இது? எவ்வளவு நிம்மதியா இருக்கீங்க. வீட்டுக்கு வீடு சண்டை இருக்கத்தாம்மா செய்யும்" என்றார். முன்பின் தெரியாத பெண்கள் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் மனசு அடங்குகிறது, உங்களைப் போல இருக்கக் கற்றுக்கொடுங்கள் என்று. ஒருத்தி புருஷன் அடிக்கும்போது என் படத்தை நினைத்துக்கொள்வாளாம்.

சங்கத் தலைவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். "அந்த முகம்தான்மா இப்ப உங்க பேரு. அதை நீங்களே கெடுத்துக்காதீங்க" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

வழக்குப் போட்டிருக்கிறேன். நான் தனியாக இருக்க வேண்டும், அவர் என் பக்கம் வரக்கூடாது. அவர் என்னைத் திருப்பி அனுப்பச் சொல்லி எதிர்மனு போட்டிருக்கிறார். அவர் வக்கீல் கொடுத்திருக்கும் சாட்சியம் நம் புத்தகம். அடித்ததாக அவள் சொல்கிற அதே வாரத்தில் அவளே தன் முகத்தை வரைந்திருக்கிறாள், முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை, திருத்தமில்லை என்று கையெழுத்துப் போட்டிருப்பவன் அவள் கூடப்பிறந்த தம்பி என்கிறார்.

செப்டம்பர் பதினேழாம் தேதி காலை பத்தரை மணி. அந்த ஸ்லைடை எடுத்துக்கொண்டு வா. அழித்தது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல். வேறு எதுவும் உன்னிடம் நான் கேட்கவில்லை.

அக்கா

*

ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துக் கையும் காலும் ஓடவில்லை. எனக்கு ஒன்றுமே தெரியாமல் போயிற்றே. தெரிந்திருந்தால் விட்டிருப்பேனா? நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நினைக்காத நாளில்லை.

கண்டிப்பாக வருகிறேன். ஆனால் இங்கே நிலைமையையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் அட்டைக்கு அச்சுத் தொழில் பரிசு கிடைத்திருக்கிறது. அசலுக்கு மிக நெருங்கி வந்த அச்சு என்பதற்காகத் தருகிற பரிசு. பரிசு விண்ணப்பத்திலும் திருத்தமில்லை என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன். இப்போது நான் போய் மாற்றிச் சொன்னால் பொய்க் கையெழுத்து ஆகிவிடும். ஸ்லைடு முதலாளி அலமாரியில் இருக்கிறது, சாவி அவரிடம், அவர் வெளியூரில். என்னைப் பிரிவுத் தலைவனாகப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டில் அவளுக்கு ஆறு மாதம். உனக்கு இதுவரை எழுதவில்லை, கண் படும் என்று சொல்லவேண்டாம் என்றாள்.

இதையெல்லாம் வராமல் இருப்பதற்காகச் சொல்லவில்லை. வருவேன். அதற்குள் அத்தானோடு ஒரு தடவை உட்கார்ந்து பேசிப் பார்க்கலாமா? நான் வேண்டுமானால் எழுதட்டுமா?

உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா.

தம்பி

*

செப்டம்பர் 28

தம்பிக்கு,

பிள்ளை வரப்போகிற சேதி சந்தோஷம். அவளை வெயிட்டு எதையும் தூக்க விடாதே. 

பதினேழாம் தேதி உன் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வக்கீலம்மா என் கையைத் தட்டி "முன்னாடி பாருங்க" என்றார்.

நீதிபதி புத்தகத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது நீங்க வரைஞ்சதுதானேம்மா?"

"ஆமாங்க."

"தேதி நீங்க போட்டதுதானே?"

"ஆமாங்க."

"அப்ப இதுல எது பொய்?"

"கன்னம்ங்க" என்றேன். பின்வரிசையில் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. அச்சகத்திலிருந்து ஆள் வந்து சொன்னால்தான் ஏற்க முடியும் என்று நவம்பர் இருபதாம் தேதிக்குத் தள்ளிவைத்தார். அதற்கு மேல் தவணை கிடையாதாம். அன்றைக்கும் நீ வராவிட்டால் நான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவேண்டியிருக்கும். போனால் என்ன ஆகும் என்று உனக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

ஒன்று கேட்கிறேன். கோபத்தில் கேட்கவில்லை, எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும். படம் முழுக்க நான் தூரிகையை நெடுக்காக இழுத்திருந்தேன். அந்தப் பச்சையை மட்டும் கட்டைத் தூரிகையால் குறுக்காக இழுத்தேன். ஸ்லைடை லென்ஸ் வைத்துத்தானே பார்த்தாய்? பூஞ்சைக்குத் தூரிகைத் தடம் இருக்குமா?

பதில் எழுது.

அக்கா

*

டிசம்பர் 3

அக்கா,

நவம்பர் இருபது போய்விட்டது. இருபத்திரண்டாம் தேதி எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் சுகம். இந்தச் சேதியை இப்படிச் சேர்த்து எழுதவேண்டி வருமென்று நினைக்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் எழுத இரண்டு மாதமாகிவிட்டது. தடம் இருந்தது அக்கா. குறுக்காகப் போன தடம், லென்ஸில் மயிரிழை மயிரிழையாகத் தெரிந்தது. பூஞ்சை வேர் மாதிரிக் கிளைவிட்டுப் போகும், எனக்கு அது தெரியாதா. தெரிந்துதான் எடுத்தேன். நீ தீட்டியது என்று தெரிந்தது. எதற்காகத் தீட்டினாய் என்றும் தெரிந்தது. இது என் அக்கா முகத்தில் இருக்கக்கூடாது என்று நினைத்தேன். முகத்தில் அது விழாமல் இருக்க என்ன செய்யலாம் என்று நான் நினைக்கவில்லை. படத்தில் இல்லாமல் செய்வது என் கைக்குள் இருந்தது, அதைச் செய்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் டிசம்பரில் நான் உன் வீட்டுக்கு வந்தபோது நீதான் கதவைத் திறந்தாய். கன்னத்தில் நாலு விரல் பதிந்திருந்தது. நீ வாயைத் திறப்பதற்கு முன்னால் "என்னக்கா, பல்லு வீங்கிருச்சா?" என்று கேட்டவன் நான். நீ கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு ஆமாம் என்று தலையாட்டினாய். பல் என்ற சொல்லை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்தது நீ இல்லை, அத்தானும் இல்லை. அவர் அதை என் வாயிலிருந்து எடுத்துக்கொண்டார்.

நவம்பர் பதினைந்தாம் தேதி முதலாளியிடம் போய், கோர்ட்டுக்குப் போகவேண்டும், ஸ்லைடைக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் திட்டவில்லை. அலமாரியைத் திறந்து ஸ்லைடை எடுத்து என் மேஜையில் வைத்தார். "கொண்டு போ. ஆனா கறையோட கொண்டு போனா பொய்க் கையெழுத்துப் போட்டவன்னு நீ இங்க திரும்பி வரமுடியாது. புள்ள பொறக்கப் போற நேரம், யோசி" என்றார். மருந்தும் தூரிகையும் எப்போதும் இருக்கிற இடத்தில் இருந்தன. மத்தியானம் ஒரு மணி இருக்கும், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். இருபது நிமிஷ வேலை. இப்போது ஸ்லைடிலும் பச்சை இல்லை. எங்குமே இல்லை. என்னைப் பிரிவுத் தலைவனாக்கிவிட்டார்கள்.

இதை ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை.

தம்பி

*

ஜனவரி 8

தம்பிக்கு,

குழந்தைக்கு என் ஆசி. அவள் நன்றாக இருக்க வேண்டும்.

நவம்பர் இருபதாம் தேதி தீர்ப்பு அவர் பக்கம் போயிற்று. அறுபது நாளில் நான் வீடு திரும்ப வேண்டும். இன்றைக்கு நாற்பத்தொன்பதாம் நாள். மேல்கோர்ட்டுக்குப் போகலாம், ஆனால் புதிதாக ஏதாவது இருந்தால்தான் எடுப்பார்கள், கையில் ஒன்றுமே இல்லையே என்று வக்கீலம்மா கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் உன் கடிதம் வந்தது.

நாலு தடவை படித்தேன். முதல் தடவை உன்னை என் கையாலேயே கொன்றுவிடலாம் போலிருந்தது. அடுத்த இரண்டு தடவை அழுதேன். நாலாவது தடவை ஒரு படத்தைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தேன். உன்னை நீயே போட்டிருக்கிறாய். முகத்தில் இருக்கிற எதையும் விடவில்லை. கதவருகில் நின்று பல்லா என்று நீ கேட்டது எனக்கும் நினைவிருக்கிறது. அதை நீ மறந்திருப்பாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

வக்கீலம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதைக் குடுத்தா உங்க தம்பிக்கு வேலை போயிடும். அவர் மேலயே கேஸும் வரலாம். கூடப்பிறந்தவர், யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். யோசித்தாயிற்று, கொடுங்கள் என்றேன். ஆறு பிரதி எடுத்திருக்கிறார்கள். கோர்ட்டுக்கு, அவர் வக்கீலுக்கு, ஓவியர் சங்கத்துக்கு, பரிசு கொடுத்தவர்களுக்கு, உன் முதலாளிக்கு. நேற்றுத் தபாலில் போய்விட்டது.

ஆறாவது பிரதி சம்மனோடு உனக்கு வரும். திங்களோ செவ்வாயோ வந்துவிடும். பகலில் நீ வேலையில் இருப்பாய், அதனால் கையெழுத்துப் போட்டு வாங்குவது உன் வீட்டுக்காரியாகத்தான் இருக்கும். பிள்ளை பெற்ற உடம்பு. அவள் அதைப் பிரித்துப் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. அதற்கு முன்னால் அவளை உட்காரவைத்து, நீ செய்ததை உன் வாயால் சொல்லிவிடு.

அக்கா